அடுத்த வாரமும் வாருங்கள்

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைக்குப் பந்தல் அமைத்தவர்களும், பெரியாற்று நீரில் நெல் விளைவித்தவர்களும், மலையேறி ஏலக்காய் பறித்தவர்களும் முதுமை எய்திவிட்டனர். அவர்களுள் சிலருக்கு இன்று முதியோர் இல்லமே வீடு. வேளாவேளைக்கு உணவும் மருந்தும் கிடைத்தாலும், பேச்சுத்துணையற்ற பகற்பொழுது நீளமானது. தனிமை இதய நோய், பக்கவாதம் ஆகியவற்றின் அபாயத்தைக் கூட்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2025ஆம் ஆண்டு அறிக்கை எச்சரிக்கிறது.

தன்னார்வலராக இல்லங்களுக்குச் செல்ல விழைவோரிடம் நாங்கள் வேண்டுவது இதுதான்: அவர்களிடம் கற்றுக்கொள்ளச் செல்லுங்கள். பல்லாங்குழியின் 14 குழிகளை முன்வைத்து ஆடும் முறையைக் கேளுங்கள். திராட்சைக் கொடியைக் கவாத்து செய்யும் பக்குவத்தையும், நாற்று நடும்போது பாடிய பாட்டையும் கேளுங்கள்.

இல்லப் பொறுப்பாளரின் ஒப்புதலுடன் நாள் குறியுங்கள். செவித்திறன் குறைந்தவரிடம் எதிரே அமர்ந்து நிதானமாகப் பேசுங்கள். சர்க்கரை நோயும் விழுங்குவதில் சிரமமும் உள்ளவர்கள் இருப்பார்கள். செவிலியரைக் கேளாமல் தின்பண்டம் கொடுக்காதீர்கள். சளி, காய்ச்சல் இருந்தால் செல்லாதீர்கள். ஆனால் அதை முன்னரே தெரிவித்துவிடுங்கள். விளையாட மறுப்பவரை வற்புறுத்த வேண்டா; அருகில் அமர்ந்திருந்தாலே போதும்.

அக்டோபர் 1, உலக முதியோர் நாள். அன்று வருவது நன்று. அடுத்த வாரமும் வருவது அதனினும் நன்று. வருவதாகச் சொன்ன நாளில் தவறாது வாருங்கள். அன்று காலையிலேயே தலைவாரி, வாசலைப் பார்த்து ஒருவர் காத்திருப்பார்.