முழங்காலுக்கு மேலே பதினாறு துளைகள்

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ஏறத்தாழ 45 கிலோமீட்டர். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர் என்று ஊர் வரும் இடமெல்லாம் வேகத்தைக் குறைத்துப் போனால் ஒரு மணி நேரம் ஆகிவிடும். நிமிடத்துக்கு 2,000 சுற்று என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு மணி நேரத்தில் காரின் இன்ஜின் 1,20,000 முறை சுற்றியிருக்கும். நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. ஆக, சிதம்பரம் போய்ச் சேர்வதற்குள் 2,40,000 வெடிப்புகள். அவற்றில் ஒன்று பிசகினால்கூடக் காரின் கணினிக்குத் தெரியும். எந்தச் சிலிண்டர் என்பதும் தெரியும். ஓட்டுகிறவருக்கு மட்டும் தெரியாது.

ஓட்டுகிறவருக்குத் தெரியவேண்டாம் என்பது ஓரளவு திட்டமிட்ட ஏற்பாடுதான். இன்றைய சின்னக் கார்கள் பலவற்றில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளே இல்லை. குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். முள் இருக்கும் கார்களிலும் அது முழு உண்மை சொல்வதில்லை. சூடு 80-ஆக இருந்தாலும் 100-ஆக இருந்தாலும் பல கார்களில் முள் நட்டநடுவே அசையாமல் நிற்கும், அப்படித்தான் அதை அமைத்திருக்கிறார்கள். முள் கொஞ்சம் ஆடினாலே சர்வீஸ் சென்டருக்கு ஓடிவரும் வாடிக்கையாளர்களைச் சமாளிக்கக் கம்பெனிகள் கண்ட வழி இது. இதைப் பொய் என்று சொல்ல மாட்டேன், அரை உண்மை.

மீதி அரையைத் தெரிந்துகொள்ளத்தான் டேஷ்போர்டில் ஒட்டிக்கொள்ளும் டிஜிட்டல் கேஜ் விற்கிறார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சின்னத் திரை, ஒரு வயர், ஒரு பிளக். இதில் முதல் ஆச்சரியம், இந்தக் கருவி எதையுமே அளப்பதில்லை என்பது. அளக்கிற வேலையைக் கார் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. கேஜ் செய்வது கேள்வி கேட்பது மட்டும்.

கேள்வி கேட்கும் வாசல், ஓட்டுநரின் முழங்காலுக்குச் சற்று மேலே, ஸ்டியரிங்குக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. எட்டு எட்டாக இரண்டு வரிசையில் பதினாறு துளைகள் கொண்ட ஒரு சாக்கெட். மெக்கானிக்குகள் ஓபிடி போர்ட் என்பார்கள், காரே தன் நோயைத் தானே கண்டறிந்து சொல்லும் ஏற்பாட்டுக்கான வாசல் என்று பொருள். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தைப் புகைமூட்டம் மூச்சுத்திணற வைத்த காலத்திலிருந்து தொடங்குகிறது இதன் கதை. புகையைக் கட்டுப்படுத்தும் பாகங்கள் கெட்டுப்போனால் கார் தானே சொல்லவேண்டும் என்று கலிஃபோர்னியா மாநிலம் விதி போட்டது. 1996 மாடலிலிருந்து அமெரிக்கக் கார்கள் எல்லாவற்றிலும் ஒரே வடிவ சாக்கெட் கட்டாயமானது. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 விதிகளோடு 2010-இல் முதல் கட்டம் வந்தது, 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டம். நம்முடைய ஆர்வத்துக்காக யாரும் இந்த வாசலைத் திறந்து வைக்கவில்லை. காற்று கெடக்கூடாது என்று போட்ட சட்டம், போகிற போக்கில் நமக்கும் ஒரு சாவியைக் கொடுத்துவிட்டது.

பொருத்துவது அரை மணி நேர வேலை, ஒரு வயரையும் வெட்டவேண்டியதில்லை. ஆனால் வயரை எந்த வழியாக மேலே கொண்டுபோகிறோம் என்பதில் கவனம் வேண்டும். கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவே நிற்கும் தூணின் பிளாஸ்டிக் மூடிக்குள் சில கார்களில் பக்கவாட்டு ஏர்பேக் மடிந்து உட்கார்ந்திருக்கும். அதற்கு முன்னால் வயரைச் செருகினால் ஏர்பேக் விரியும் நொடியில் வயரும் சேர்ந்து பறக்கும். கதவோரத்து ரப்பர் பீடிங்குக்குள் அழுத்தி, டேஷ்போர்டின் ஓரமாகவே ஏற்றிவிடுவது நல்லது. பிரேக் பெடலுக்குப் பக்கத்தில் வயர் தொங்கவே கூடாது. திரையை ஒட்டும் இடத்தை முதலில் எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடையுங்கள். சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் டேஷ்போர்டு கொதிக்கிற கொதிப்பில் மட்டமான இரட்டைப் பக்க டேப் உரிந்து விழுந்துவிடும்.

பதினாறு துளைகளில் 16-ஆவது பேட்டரியின் பிளஸ். சாவியை எடுத்தாலும் அதில் 12 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். கேஜ் வெறும் 20 மில்லிஆம்பியர் இழுத்தாலும் ஒரு மாதத்தில் 14 ஆம்பியர்-அவர் காலி. சின்னக் காரின் பேட்டரி மொத்தமே 35 ஆம்பியர்-அவர்தான். ஆகவே கேஜ் தூங்கவேண்டும். எப்போது தூங்குவது என்று அதற்கு எப்படித் தெரியும்? வோல்டேஜைப் பார்த்துத்தான். இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும், அப்போது 14 வோல்ட்டை ஒட்டி இருக்கும். இன்ஜின் நின்றதும் 12.6-க்கு இறங்கும். இந்த ஒன்றரை வோல்ட் வித்தியாசத்தை வைத்தே பல கேஜ்கள் உறங்குகின்றன, விழிக்கின்றன. கடலூர் துறைமுகம், பரங்கிப்பேட்டை மாதிரி உப்புக்காற்று வீசும் இடங்களில் நிறுத்தும் கார் என்றால் சாக்கெட்டின் பின்களைப் பார்த்துவிட்டுச் செருகுங்கள். பச்சை பூத்திருந்தால் கேஜ் காட்டும் வோல்டேஜும் தவறாக இருக்கும், தூக்கமும் கெடும்.

இனி, 6-ஆவது துளையும் 14-ஆவது துளையும். உண்மையான அதிசயம் இந்த இரண்டில்தான். பெரும்பாலான புதிய கார்களில் இவற்றிலிருந்து ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு வயர்கள் கிளம்புகின்றன. ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்திய கேன் என்ற முறை இது. சும்மா இருக்கும்போது இரண்டு வயரிலும் 2.5 வோல்ட். பூஜ்யம் என்று சொல்லவேண்டுமானால் ஒரு வயர் 3.5-க்கு ஏறும், மற்றது 1.5-க்கு இறங்கும். கேட்கிற கணினி பார்ப்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும். பக்கத்திலேயே ஸ்பார்க் பிளக்குக்குப் பல்லாயிரம் வோல்ட் பாய்கிறது. அதன் இரைச்சல் முறுக்கிய இரண்டு வயரிலும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் விழும். வித்தியாசம் அப்படியே இருக்கும், செய்தி கெடாது.

அதே வயரில் காரின் பல கணினிகளும் பேசுகின்றன. இரண்டு பேர் ஒரே நொடியில் வாய் திறந்தால்? ஒவ்வொரு செய்தியும் தன் எண்ணைச் சொல்லித்தான் தொடங்கவேண்டும். பூஜ்யம் சொல்பவரின் குரல் ஒன்று சொல்பவரின் குரலை அமுக்கிவிடும். தான் ஒன்று சொல்லியும் வயரில் பூஜ்யம் கேட்டால், தன்னைவிட முக்கியமான ஒருவர் பேசுகிறார் என்று புரிந்துகொண்டு அந்தக் கணினி சத்தமில்லாமல் விலகிவிடும். ஜெயித்தவரின் செய்தியில் ஓர் எழுத்தும் சிதையாது. சிறிய எண்ணுக்கு முதல் மரியாதை என்பது தானாகவே அமைந்துவிடுகிறது. எண்கள் 0 முதல் 2047 வரை. நம் கேஜ் கேட்கும் கேள்விக்குத் தரவிதி ஒதுக்கிய எண் 2015! கிட்டத்தட்ட கடைசி வரிசை. இன்ஜின், பிரேக் சமாசாரம் எது வந்தாலும் கேஜ் வழிவிட்டு நிற்கவேண்டும். அப்படி நின்றாலும் அதற்கு நஷ்டமில்லை. நொடிக்கு ஐந்து லட்சம் பிட் போகும் வயரில் ஒரு செய்தி கடக்க ஆயிரத்தில் கால் நொடி போதும்.

கேள்வியும் அநியாயத்துக்குச் சுருக்கம். ‘1, 5’ என்று இரண்டு எண்கள். முதலாவது, இப்போதைய நிலவரம் வேண்டும் என்பது. இரண்டாவது, கூலன்ட் சூடு என்பது. பதிலாக ஒரே ஓர் எண் வரும், 130 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 40-ஐக் கழித்தால் 90 டிகிரி செல்சியஸ். எதற்காக 40? ஒரு பைட்டில் 0 முதல் 255 வரை மட்டுமே எழுதலாம், மைனஸ் கிடையாது. உறைபனி நாட்டில் மைனஸ் 40-இல் நிற்கும் காரும் பதில் சொல்லவேண்டுமே, அதற்காக அளவுகோலையே 40 படி நகர்த்திவிட்டார்கள். சிதம்பரத்தில் ஓடும் கார், 40-ஐக் கழிப்பதற்கு முன், தன் ஆயுளில் 50-க்குக் கீழே ஓர் எண்ணைச் சொல்லாது.

சரி, அந்தச் சூட்டைக் காருக்குச் சொன்னது யார்? கூலன்ட்டில் மூழ்கியிருக்கும் ஓர் உணரி, அதாவது சென்சார். அதன் நுனியில் மிளகளவு பீங்கான். சாதாரணக் கம்பியில் சூடு ஏற ஏற மின்தடை கூடும், இதில் தலைகீழ். அறைச்சூட்டில் இரண்டாயிரத்து சொச்சம் ஓம் இருப்பது 80 டிகிரியில் முந்நூறை ஒட்டி இறங்கிவிடும்.

இந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே மஞ்சக்குப்பத்திலிருந்து கிளம்புங்கள். காலையில் சாவியைத் திருப்பியதும் 31 என்று காட்டும். பிறகு விறுவிறுவென ஏறி 80-ஐத் தாண்டியதும் சட்டென்று இரண்டு மூன்று டிகிரி இறங்கும். பயப்படவேண்டாம், தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று அர்த்தம். உள்ளே இருக்கும் மெழுகு உருகிப் பருத்துக் கதவைத் தள்ள, ரேடியேட்டரில் காத்திருந்த குளிர்ந்த கூலன்ட் இன்ஜினுக்குள் வருகிறது. மின்சாரம் இல்லை, கணினி இல்லை, கொஞ்சம் மெழுகு. நெடுஞ்சாலையில் எதிர்காற்று ரேடியேட்டரைக் குளிர்விப்பதால் எண் 88, 90 என்று அடங்கி நிற்கும். சிதம்பரம் கீழவீதியில் நுழைந்து, ஆட்டோவுக்கும் சைக்கிளுக்கும் பின்னால் ஊரும்போதுதான் வேடிக்கை. காற்று நின்றதும் 92, 95, 97... ஃபேன் ஓடும் சத்தம் கேட்கும், எண் 92-க்கு இறங்கும், ஃபேன் நிற்கும், மறுபடி ஏறும். ஏசி போட்டிருந்தால் பல கார்களில் ஃபேன் அதோடு சேர்ந்தே ஓடும், இந்த ஏற்ற இறக்கம் இத்தனை தெளிவாகத் தெரியாது. நூறைத் தொட்டாலும் கூலன்ட் கொதிக்காது. ரேடியேட்டர் மூடி சமையலறைக் குக்கரைப் போலவே உள்ளே கூடுதலாக ஒரு வளிமண்டல அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது, அந்த அழுத்தத்தில் கொதிநிலை 120-ஐ ஒட்டிப் போய்விடும்.

எனக்குப் பிடித்த எண் இதுவல்ல, காற்றழுத்தம். இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தைக் கிலோபாஸ்கலில் கேட்கலாம். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டால் கடல் மட்டத்திலிருக்கும் கடலூரில் 101 என்று வரும். ஊட்டியில் அதே கார் 77, 78 சொல்லும். கார் ஒரு வானிலைக் கருவி ஆகிவிட்டது! 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கு அருகே கரையேறியபோது அதன் மையத்தில் அழுத்தம் 970 ஹெக்டோபாஸ்கலை ஒட்டி இருந்தது. அன்று அந்த மையத்தில் சாவி போட்ட கார் ஒன்று இருந்திருந்தால் 97 என்று காட்டியிருக்கும். நாலே நாலு எண் குறைவுதான், ஆனால் மாவட்டத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்க்க அந்த நாலு போதுமானதாக இருந்தது.

வெடிக்காத வெடிப்பைக் கார் கண்டுபிடிக்கும் விதத்துக்கு வருவோம். சிலிண்டருக்குள் எட்டிப் பார்க்க எந்த உணரியும் இல்லை. பல இன்ஜின்களில் கிராங்க் தண்டோடு 60 பல் வைக்க இடமுள்ள ஒரு சக்கரம் சுற்றுகிறது, அதில் இரண்டு பல்லை வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். அந்த இடைவெளி கடக்கும்போது தண்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று கணினிக்குத் தெரியும். 2,000 சுற்றில் ஒரு பல் கடக்க ஆயிரத்தில் அரை நொடி. ஒரு வெடிப்பு பிசகினால் அடுத்த சில பற்கள் மயிரிழை தாமதமாக வரும். அந்தத் தாமதம் எந்தக் கோணத்தில் நேர்ந்தது என்பதை வைத்து எந்தச் சிலிண்டர் என்று கணக்குப் போடுகிறார்கள். தொடர்ந்து பிசகினால் பி0301 என்று குறிப்பு எழுதி, செக் இன்ஜின் விளக்கை எரியவிடும். கடைசி 1 முதல் சிலிண்டரைக் குறிக்கும். குறிப்பைப் படிக்கக் கேஜுக்கும் தெரியும். ஆனால் காரணம் தெரியாமல் அதை அழித்துவிடாதீர்கள், மெக்கானிக்குக்கு அதுதான் துப்பு.

மைலேஜ் எண்ணை மட்டும் நான் முழுசாக நம்புவதில்லை. பல கேஜ்கள் பெட்ரோலை நேரடியாக அறிவதில்லை, உள்ளே போன காற்றின் எடையை 14.7-ஆல் வகுத்துக் கண்டுபிடிக்கின்றன. ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும் என்பது கணக்கு. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் ஊற்றுவதோ 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குக் காற்று குறைவாகப் போதும் என்பதால் கலவைக்கு 13.5-ஐ ஒட்டித்தான் வரும். பழைய கணக்கில் ஓடும் கேஜ் உங்கள் மைலேஜை உள்ளதைவிட அழகாகக் காட்டும். டேங்கை நிரப்பி, ஓடி, மறுபடி நிரப்பிப் பார்க்கும் பழைய முறையே மேல்.

கேஜில் எச்சரிக்கை ஒலி வைக்கும் வசதி இருந்தால் 105 டிகிரிக்கு வையுங்கள். அது கத்தினால் ஏசியை அணைத்து ஓரங்கட்டுங்கள். இன்னொன்றையும் மறக்காதீர்கள்: சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போது எண் திடீரென்று சரிந்தால், இன்ஜின் குளிர்ந்துவிட்டது என்று நிம்மதி அடையவேண்டாம். ஹோஸ் பிய்ந்து கூலன்ட் முழுக்கக் கொட்டியிருக்கலாம். உணரி வெறும் காற்றில் நின்றுகொண்டு காற்றின் சூட்டைச் சொல்லும், இன்ஜின் வெந்துகொண்டிருக்கும். அப்போது அடுத்த ஊர் வரை போய்விடலாம் என்று பார்க்காமல் அங்கேயே அணைத்துவிடுங்கள். ரேடியேட்டர் மூடியை, இன்ஜின் நன்றாக ஆறும்வரை, தொடவே தொடாதீர்கள்.