பசி கற்பித்த பாடம்

உண்ணுதல் வயிற்றின் தேவை மட்டுமன்று. மனத்தோடும் நெருங்கிய தொடர்புடையது. மிகுதியாக உண்பவரை மனக்கட்டுப்பாடு அற்றவர் என்றும், உணவை மறுப்பவரைப் பிடிவாதம் மிக்கவர் என்றும் பழித்துரைப்பது உலக வழக்கு. இது சரியானதா என்று சிந்திக்கத் தூண்டுகிறது, இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில் அமெரிக்காவில் நிகழ்ந்த ஓர் ஆய்வு.

ஆய்வின் பின்னணி

போரினால் ஐரோப்பிய மக்கள் பலர் பட்டினியில் வாடினர். நெடுநாள் பசித்திருந்தவரை எவ்வாறு நலம்பெறச் செய்வது என்பதற்குத் தெளிவான விடை அன்று இல்லை. அவ்விடையைக் காண, மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் உடலியல் அறிஞர் 1944ஆம் ஆண்டு நவம்பரில் ஆய்வொன்றைத் தொடங்கினார். ஜோசப் பிரோஷெக் என்னும் உளவியல் அறிஞரும் அக்குழுவில் பணியாற்றினார். மனச்சான்றின்படி படைக்கலம் ஏந்த மறுத்த இளைஞர்கள் 36 பேர் தாமே முன்வந்து இதில் பங்கேற்றனர். அவர்கள் அனைவரும் உடல்நலமும் மனநலமும் மிக்கவர்கள்.

முதல் 12 வாரங்கள் அவர்களுக்கு இயல்பான உணவு வழங்கப்பட்டது. அடுத்த 24 வாரங்கள் உணவு ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கப்பட்டது. உருளைக்கிழங்கு, ரொட்டி, மக்ரோனி போன்றவையே அவர்களுக்குக் கிடைத்தன.

மனத்தில் நேர்ந்த மாற்றம்

உடல் மெலியும் என்பது எதிர்பார்த்ததே. மனம் அடைந்த மாற்றமோ வியப்பளித்தது. அவர்களின் எண்ணம் முழுவதும் உணவைச் சுற்றியே வட்டமிட்டது. சமையல் நூல்களை ஆர்வத்துடன் படித்தனர். சிறிதளவு உணவையும் நெடுநேரம் வைத்திருந்து உண்டனர். சிரிப்பு மறைந்தது; சினமும் சோர்வும் பெருகின. நண்பர்களை விட்டு ஒதுங்கித் தனிமையை நாடினர். ஆய்வுக்கு முன் இவ்வியல்புகள் அவர்களிடம் காணப்பட்டவை அல்ல, பசி கொணர்ந்தவை.

உணவு மீண்டும் கூட்டித் தரப்பட்ட பின்னரும் பசி உடனே அடங்கவில்லை. பலர் வயிறு நிறைய உண்டும் நிறைவு காணாமல் மேலும் உண்டனர். இம்முடிவுகளைத் தொகுத்த பெருநூல் 1950இல் வெளிவந்தது.

இருவேறு நோய்கள், ஒரே படிப்பினை

எடை கூடிவிடுமோ என்னும் அச்சத்தால் உணவைக் கடுமையாகக் குறைத்துக்கொள்ளும் நோய் 'அனோரெக்சியா நெர்வோசா' எனப்படுகிறது. இந்நோயாளரிடமும் உணவைப் பற்றிய ஓயாத எண்ணம், தனிமை, மனச்சோர்வு ஆகியன காணப்படுகின்றன. இவற்றுட் பல நோயாளரின் பிறவிக்குணம் அல்ல, பட்டினியின் விளைவே என்பதை மின்னசோட்டா ஆய்வு உணர்த்தியது. ஆதலால், இன்றைய மருத்துவம் உளவியல் சிகிச்சையோடு உடலுக்கு ஊட்டமளிப்பதையும் முதன்மையாகக் கொள்கிறது.

உடற்பருமனுக்கும் இதில் பாடம் உண்டு. உணவைத் திடீரெனக் குறைத்தால், உடல் பசியைப் பெருக்கி இழந்ததை மீட்க முயல்கிறது. கடும்பட்டினியால் குறைந்த எடை மீண்டும் ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம். மரபின் பங்கும் பெரிது. டென்மார்க்கில் தத்துக்கொடுக்கப்பட்ட 540 பேரை ஆல்பர்ட் ஸ்டன்கார்ட் குழுவினர் ஆராய்ந்து 1986இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களின் உடற்பருமன், வளர்த்த பெற்றோரோடு அன்றி ஈன்ற பெற்றோரோடே தொடர்புற்றிருந்தது. மரபோடு உணவுப்பழக்கம், உடலுழைப்பு, உறக்கம், மன அழுத்தம் ஆகியனவும் சேர்ந்தே எடையைத் தீர்மானிக்கின்றன.

நிறைவாக

வலிய மனம் படைத்த இளைஞர்களையே பசி மாற்றியமைத்தது. அவ்வாறாயின், உடலின் தோற்றத்தைக் கொண்டு ஒருவரின் மன உறுதியை அளப்பது எங்ஙனம் பொருந்தும்? வகுப்பறையில் ஒருவரைக் 'குண்டு' என்றோ 'குச்சி' என்றோ அழைக்கும் கேலிச்சொல் எந்த நோயையும் தீர்ப்பதில்லை. துன்புறுவோரை மேலும் தனிமைக்குள் தள்ளுகிறது. அவர்களுக்கு வேண்டுவது பழிச்சொல் அன்று. உற்றாரின் பரிவும் உரிய மருத்துவமுமே ஆகும்.