சந்தா கட்டலாமா, வேண்டாமா?

பதினைந்து வருஷங்களுக்கு முன் நம்மிடம் பத்தாம் வகுப்பில் கணக்குப் படித்த பெண் ஒருத்தி, இப்போது லண்டன் நகரத்தின் கீழ்ப்பகுதியில் ஈஸ்ட் ஹாம் என்னும் பேட்டையில் குடியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் உத்தியோகம். கணவர் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறார். நாலு வயதில் ஒரு குழந்தை. சில மாதங்களுக்கு முன் அவளிடமிருந்து நமக்கு ஒரு கடிதம் வந்தது. கடிதம் என்றால் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்ததல்ல, கைபேசியில் வந்ததுதான். "ஸார், நீங்கள் கொடுத்த கணக்கையெல்லாம் அந்தக் காலத்தில் நான் போட்டேன். இப்போது நான் ஒரு கணக்குக் கொடுக்கிறேன், நீங்கள் போட்டுச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இதை வைத்து ஒரு வாரமாய்ச் சண்டை" என்று எழுதியிருந்தாள்.

விஷயம் இதுதான். அவர்களிடம் பழையதாக வாங்கிய ஒரு மின்சாரக் கார் இருக்கிறது. ஊர் முழுவதும் சார்ஜ் நிலையங்கள் வைத்திருக்கும் கம்பெனி ஒன்றுக்கு அவள் மாதம் 8 பவுன் சந்தா கட்டி வருகிறாள். சந்தா கட்டாதவர்களுக்கு அங்கே யூனிட் 79 பென்ஸ். கட்டியவர்களுக்கு 63 பென்ஸ். 'வீண் செலவு, நிறுத்திவிடு' என்கிறார் கணவர். 'யூனிட்டுக்கு 16 பென்ஸ் மிச்சமாவது கண்ணுக்குத் தெரியவில்லையா?' என்கிறாள் இவள்.

மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இது நாலாம் வகுப்புக் கணக்கு. 8 பவுன் என்பது 800 பென்ஸ். அதை 16-ஆல் வகுத்தால் 50. மாதத்தில் 50 யூனிட்டுக்கு மேல் அந்தக் கம்பெனியின் நிலையங்களில் ஏற்றினால் லாபம், குறைந்தால் நஷ்டம். தினந்தோறும் ரயிலில் போகிறவர் சீசன் டிக்கெட் வாங்குவதும், தீபாவளிக்கு மட்டும் போகிறவர் வாங்காததும் இந்தக் கணக்கின்படிதான். ஆகவே, "மூன்று மாதத்து ரசீதுகளை அனுப்பு, அம்மா" என்று பதில் எழுதினோம்.

ரசீதுகள் வந்தன. ஜனவரியில் 44 யூனிட், பிப்ரவரியில் 22, மார்ச்சில் 24. ஆக 90 யூனிட். தள்ளுபடியாய்க் கிடைத்தது 14 பவுன் 40 பென்ஸ். சந்தாவாய்ப் போனது 24 பவுன். குளிரில் பாட்டரியின் சக்தி குறைந்து, வண்டி அதிகமாக மின்சாரம் குடிக்கும் ஜனவரி மாதத்திலேகூட ஐம்பதை எட்டவில்லை. கணவர் பக்கம் தீர்ப்பாகிவிட்டது என்று நேயர்கள் நினைக்கலாம். நாமும் அப்படித்தான் நினைத்து எழுதினோம். ஆனால் அவள் உடனே கேட்ட கேள்வி நம்மைச் சற்று நிமிர்ந்து உட்கார வைத்தது: "அப்படியானால், ஸார், மாதம் 50 யூனிட்டுக்குக் குறையாமல் அந்த நிலையத்திலேயே ஏற்றிவிட்டால் நஷ்டம் போய்விடும் அல்லவா?"

இந்தக் கேள்வியில்தான் சந்தா என்னும் விஷயத்தின் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. அதை விளக்க வேண்டுமானால், அவள் மற்ற நாட்களில் எங்கே சார்ஜ் ஏற்றுகிறாள் என்பதைச் சொல்ல வேண்டும்.

ஈஸ்ட் ஹாமில் தெருத் தெருவாக ஒன்றோடொன்று சுவர் ஒட்டிய வரிசை வீடுகள். வாசற்படி இறங்கினால் இரண்டெட்டில் நடைபாதை, அதற்கப்பால் தெரு. காரை வீட்டுக்குள் விட இடமில்லை. தெருவோரத்தில் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கேதான் நிறுத்த வேண்டும். வீட்டிலிருந்து நடைபாதையின் குறுக்கே கம்பியை இழுத்துப் போட்டால் போகிறவர் வருகிறவர் தடுக்கி விழுவார்கள் என்று நகரசபையார் சாதாரணமாகச் சம்மதிப்பதில்லை. இப்படிப்பட்டவர்களுக்காக லண்டனில் ஒரு நல்ல ஏற்பாடு செய்திருக்கிறார்கள். தெரு விளக்குக் கம்பத்திலேயே ஒரு பிளக் பாயிண்டு! பெர்லினில் தோன்றிய யூபிட்ரிஸிட்டி என்னும் கம்பெனி ஆயிரக்கணக்கான கம்பங்களில் இதை அமைத்திருக்கிறது; 2021-ம் வருஷம் ஷெல் கம்பெனியார் அதை வாங்கிக்கொண்டார்கள். விளக்குக் கம்பம் மெதுவாகத்தான் கொடுக்கும். மணிக்குச் சுமார் 5 யூனிட். ஆனால் வண்டி தூங்கும் நேரத்தில் மெதுவாக ஏறினால் யாருக்கு என்ன கஷ்டம்?

நம் மாணவியின் தெருவிலுள்ள கம்பங்களில் இரவு விலை யூனிட் 45 பென்ஸ். மாதம் அவளுக்குத் தேவைப்படும் 140 யூனிட்டில் 110 அங்கேதான் ஏறுகிறது. மிச்சம் 30தான் வேக நிலையத்தில்.

இப்போது அவளுடைய கேள்வியைப் பாருங்கள். ஐம்பதை எட்டுவதற்காக இன்னும் 20 யூனிட்டை நிலையத்துக்கு மாற்றினால், 45 பென்ஸுக்குக் கிடைப்பதை 63 பென்ஸுக்கு வாங்கினதாக ஆகிறது. சந்தாவே இல்லாமல், 30 யூனிட்டை 79 பென்ஸுக்கும் 20 யூனிட்டை 45 பென்ஸுக்கும் வாங்கினால் செலவு 32 பவுன் 70 பென்ஸ். சந்தாவும் கட்டி, ஐம்பதையும் நிலையத்திலேயே ஏற்றினால் 39 பவுன் 50 பென்ஸ். நஷ்டத்தை ஈடு செய்யப் போய் நஷ்டம் இரட்டிக்கு மேல் ஆயிற்று. தள்ளுபடி என்றவுடன் எந்த விலையிலிருந்து தள்ளினார்கள் என்று கேட்க வேண்டும். அந்தக் கம்பெனியின் விலைப் பலகையோடு ஒப்பிட்டால் 16 பென்ஸ் லாபம்; நம் வாசல் விளக்குக் கம்பத்தோடு ஒப்பிட்டால் 18 பென்ஸ் நஷ்டம். எப்படியும் அங்கேதான் வாங்கியிருப்போம் என்ற யூனிட்டுகளை மாத்திரமே சந்தாவின் கணக்கில் சேர்க்கலாம்.

இவ்வளவு கெட்டிக்காரப் பெண் முதலில் ஏன் சந்தா கட்டினாள் என்று கேட்டோம். அவள் பதிலைக் கண்டதும் நமக்குக் கணக்கு மறந்துவிட்டது. போன நவம்பரில் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு வீடு திரும்பியிருக்கிறாள். தெருவில் பிளக் பாயிண்டு உள்ள மூன்று கம்பங்களுக்கு எதிரிலும் பெட்ரோல் கார்கள் நிற்கின்றன. பாட்டரியில் எட்டு சதவிகிதம் மிச்சம். காலை ஏழு மணிக்கு டியூட்டி. மழை வேறு. மூன்று மைல் தள்ளி ஒரு நிலையத்தைத் தேடிப் போய், முன்னால் நின்ற இரண்டு வண்டிகள் நகரும்வரை காத்திருந்து, ஏற்றிக்கொண்டு வீடு வந்து படுக்கும்போது மணி பன்னிரண்டரை. குழந்தை தூங்காமல் அப்பாவோடு ஜன்னலில் உட்கார்ந்திருந்ததாம். அந்த நிலையத்தில் காத்திருக்கும்போதே, 'இனி இப்படி ஆகக்கூடாது' என்று கைபேசியில் சந்தா கட்டிவிட்டாள்.

ஆனால் சந்தா கட்டியதனால் அந்த இரவில் என்ன மாறியிருக்கும்? வரிசையில் அவளுக்கு முன்னிடம் கொடுப்பார்களா? கொடுக்க மாட்டார்கள். நிலையம் மூன்று மைலிலிருந்து ஒரு மைலுக்கு நகர்ந்து வருமா? வராது. அன்று அவள் ஏற்றிய 20 யூனிட்டுக்கு 3 பவுன் 20 பென்ஸ் குறைந்திருக்கும், அவ்வளவே. சந்தா இல்லாதவர்களுக்கும் கதவு திறந்துதான் இருக்கிறது.

முன்பு அப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். லூட்டன் நகரத்தைச் சேர்ந்த சார்ஜ்மாஸ்டர் கம்பெனி 2011-ல் 'போலார்' என்ற பெயரில் சார்ஜ் கம்பங்களை நாடெங்கும் வைக்கத் தொடங்கிற்று. அந்த நாட்களில் அங்கத்தினர் அட்டையைக் காட்டினால்தான் பல கம்பங்கள் வேலை செய்யும். மாதம் 7 பவுன் 85 பென்ஸ் கட்டியவர்களுக்கு அநேகக் கம்பங்களில் மின்சாரம் இலவசமாகவே கிடைத்தது. 2018-ல் பி.பி. எண்ணெய்க் கம்பெனியார் 13 கோடி பவுன் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் சந்தா என்பது நுழைவுச் சீட்டு. இப்போது பிரிட்டிஷ் சர்க்காரின் 2023-ம் வருஷத்து விதிகளின்படி, 2024 நவம்பர் 24 முதல், 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் கொடுக்கும் எல்லா நிலையங்களிலும் சாதாரண பாங்கி அட்டையைத் தொட்டுக் காட்டிப் பணம் கட்ட வசதி இருந்தாக வேண்டும். வேக நிலையங்கள் வருஷத்தில் சராசரி 99 சதவிகித நேரம் பழுதின்றி இருக்க வேண்டும் என்றும் விதித்திருக்கிறார்கள். நுழைவுச் சீட்டாக இருந்த சந்தா இன்று வெறும் தள்ளுபடிச் சீட்டாகிவிட்டது. பழைய ஞாபகத்தில் 'அங்கத்தினராக இருப்பது நல்லது' என்று கட்டிக்கொண்டு வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அவளுடைய காரைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அது 40 யூனிட் கொள்ளும் பாட்டரியுள்ள நிஸ்ஸான் லீஃப். இங்கிலாந்திலேயே ஸண்டர்லாண்டில் செய்தது. நல்ல வண்டிதான். ஆனால் வேகமாய் ஏற்றுவதற்கு அதற்கு வேண்டியது 'சாடெமோ' என்னும் ஜப்பானியப் பிளக். 'ஒரு வாய்த் தேநீர் சாப்பிடலாமா?' என்று பொருள்படும் ஜப்பானிய வாக்கியத்தைச் சிலேடையாக வைத்து அந்தப் பெயரை அமைத்தார்களாம். தேநீர் சாப்பிடுவதற்குள் வண்டி தயார் என்று கருத்து. இப்போது ஐரோப்பாவில் வழக்கத்துக்கு வந்திருப்பதோ ஸி.ஸி.எஸ். என்னும் வேறு பிளக். சந்தாதாரர்களுக்கு நல்ல தள்ளுபடி கொடுக்கும் அயோனிட்டி, டெஸ்லா நிலையங்களில் சாடெமோ கிடையாது. லீஃப் வைத்திருப்பவர் அங்கே சந்தா கட்டினால், பஸ் போகாத ஊருக்கு டிக்கெட் வாங்கிய கதைதான். சாடெமோ உள்ள நிலையங்களிலும், பலகையில் 150 கிலோவாட் என்று எழுதியிருந்தாலும் இந்த வண்டி 50-க்கு மேல் வாங்கிக்கொள்ளாது. எண்பது சதவிகிதம் நெருங்கும்போது இன்னும் சுணங்கும். ஆகவே, எத்தனை பென்ஸ் குறைகிறது என்று பார்க்குமுன், நம் வண்டி அங்கே எதை, எவ்வளவு வேகத்தில் ஏற்றுக்கொள்ளும் என்று பார்ப்பது உத்தமம்.

சந்தாவே மோசடி என்று நாம் சொல்ல வரவில்லை. அவளுடைய கணவரின் ஒன்றுவிட்ட அண்ணன் லண்டனில் வாடகைக் கார் ஓட்டுகிறார். 2023 ஜனவரி முதல் அங்கே புதிதாய் லைசென்ஸ் பெறும் வாடகைக் கார்கள் புகையில்லாமல் ஓடக்கூடியவையாய் இருக்க வேண்டும் என்பது விதி. அவர் மாதம் 600 யூனிட் வேக நிலையத்தில் ஏற்றுகிறார். சந்தா போக அவருக்கு 88 பவுன் மிச்சம், கட்டாவிட்டால்தான் தவறு. ஹாரோவில் சொந்த வாசலில் வண்டி நிறுத்தும் இன்னொரு நண்பர், எடின்பரோவுக்குக் குடும்பத்தோடு போய் வந்த மாதத்துக்கு மட்டும் சந்தா கட்டினார். போகும் வழியில் அந்தக் கம்பெனியின் நிலையம் எங்கெங்கே என்று முன்கூட்டிப் பார்த்துக்கொண்டார். திரும்பிய மறுநாளே ரத்து செய்துவிட்டார். மறந்திருந்தால் மாதாமாதம் பாங்கிக் கணக்கிலிருந்து பணம் தானாகப் போய்க்கொண்டிருக்கும். பத்திரிகைச் சந்தாவாவது பரவாயில்லை, படிக்காவிட்டாலும் பழைய இதழ்கள் வீட்டில் கிடக்கும்!

ஹாரோ நண்பருக்கு வீட்டில் இரவு விலை யூனிட் 7 பென்ஸ். யூனிட்டுக்கு மூன்றரை மைல் ஓடினால் மைலுக்கு 2 பென்ஸ். நம் மாணவிக்கு விளக்குக் கம்பத்தில் 13 பென்ஸ். சந்தாவோடு நிலையத்தில் 18. சந்தா இல்லாமல் ஏறக்குறைய 23. லிட்டர் 1 பவுன் 35 பென்ஸ் விலையில், காலனுக்கு 45 மைல் ஓடும் பெட்ரோல் காருக்கு மைலுக்கு 14 பென்ஸ்தான் ஆகும்! வீட்டு மின்சாரத்துக்கு 5 சதவிகித விற்பனை வரி. தெருவில் வாங்கும் மின்சாரத்துக்கோ 20 சதவிகிதம் என்று வசூலித்து வந்திருக்கிறார்கள். வாசலில் இடமுள்ளவனுக்கு ஒரு வரி, இல்லாதவனுக்கு அதைப்போல் நாலு மடங்கு. இதை ஒழுங்குபடுத்தாமல் சந்தாவில் சலுகை என்று கொடுப்பது நமக்கு அவ்வளவாய்ப் பிடிக்கவில்லை. சலுகை தேவைப்படுகிறவர்கள் வாசலில் இடமில்லாதவர்களே. அவர்களில் மாதம் முப்பது யூனிட் வாங்குகிறவளுக்கு அது எட்டுவதில்லை.

இதையெல்லாம் எழுதி அனுப்பினோம். ஒரு வாரம் பதில் இல்லை. பிறகு, சந்தாவை நிறுத்திவிட்டதாகவும், நடைபாதையில் சிறு பள்ளம் வெட்டி, மூடி போட்டு, அதன் வழியாய் வீட்டுக் கம்பியைத் தெருவுக்குக் கொண்டுபோக அநுமதி கேட்டு நகரசபைக்கு மனுப் போட்டிருப்பதாகவும் எழுதினாள். சமையலறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டி, ஏற்றும் ஒவ்வொரு யூனிட்டையும் இடத்தோடு குறித்து வருகிறார்களாம், கணவர்தான் குமாஸ்தா.

நேற்று மறுபடி ஒரு செய்தி வந்தது. "ஸார், செவ்வாய்க்கிழமை கம்பத்தில் இடம் கிடைக்கவில்லை. நிலையத்துக்குப் போய் முழு விலையில் 18 யூனிட் ஏற்றினேன். 14 பவுன் 22 பென்ஸ். தாளில் எழுதியாகிவிட்டது. வரிசையில் யாரும் இல்லை. ஒன்பதரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டேன்."