மலையில் மூச்சு வாங்கிய பிக்கப்: எஞ்சின் கோளாறைக் கண்டறிவது எப்படி?

மாணவர்களே, பினாங்கு லிட்டில் இந்தியாவில் காலை ஏழு மணிக்கு நின்று பார்த்திருக்கிறீர்களா? லெபோ பசாரில் பூக்கூடைகள் இறங்கும், மிளகாய் மூட்டைகள் இறங்கும், ஐந்தடி நடைபாதையில் வாழைத்தார்கள் சாய்த்து வைக்கப்படும். இந்தச் சரக்கைச் சுமந்து வருபவை பெரும்பாலும் டீசல் பிக்கப்களும் சிறு லோரிகளும்தான். அப்படிப்பட்ட ஒரு வண்டியைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம்.

என் முன்னாள் மாணவி ஒருவரின் அப்பா அங்கே மசாலைக் கடை வைத்திருக்கிறார். பாலிக் புலாவ் தோட்டங்களிலிருந்து ஜாதிக்காயும் கிராம்பும் தாமே ஏற்றி வரலாம் என்று 20 ஆண்டு பழைய டீசல் பிக்கப் ஒன்றை 6,500 வெள்ளிக்கு வாங்கினார். அது எட்டு மாதங்கள் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் ஓடாமல் கிடந்த வண்டி. வாங்கிய மூன்றாம் வாரமே தொல்லை தொடங்கிவிட்டது. ஒரு பட்டறையில் காட்டினார். புகையைப் பார்த்ததுமே, “எஞ்சின் போச்சு. முழுசாப் பிரிச்சுச் செய்யணும், 7,000 வெள்ளி ஆகும்” என்று சொல்லிவிட்டார்கள். வண்டி விலையைவிட வைத்தியச் செலவு அதிகம்!

மாணவி எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். “டீச்சர், அப்பா வண்டியைப் பழைய இரும்புக்குப் போடப் போறாரு. கருதுகோள், மாறின்னு சொல்லித் தந்தீங்களே, அதெல்லாம் இதுக்கு உதவுமா?”

உதவும் என்றேன். உதவியதா என்பதைப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

முதலில் அறிகுறிகள்

மருத்துவர் மருந்து எழுதுவதற்கு முன் கேள்வி கேட்பார் அல்லவா? நாங்களும் கேட்டோம். இரண்டு அறிகுறிகள் கிடைத்தன.

ஒன்று: காலையில் எஞ்சினைக் கிளப்ப நெடுநேரம் சாவியைத் திருப்ப வேண்டியிருந்தது. கிளம்பியதும் எஞ்சின் குலுங்கி வெள்ளைப் புகை விட்டது. சில நிமிடங்களில் புகை நின்றுவிடும்.

இரண்டு: நகருக்குள் வண்டி நன்றாகவே ஓடியது. ஆனால் பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் புலாவ் போகும் துன் சார்டோன் மலைச்சாலையில் ஏறினால் இழுவை குறைந்து நின்றுபோனது. பத்து நிமிடம் விட்டுக் கிளப்பினால் மறுபடி ஓடியது.

இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை

பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் தரும் பொறியால் எரிபொருள் தீப்பற்றுகிறது. டீசல் எஞ்சினில் பொறி கிடையாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடாவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். அதே தத்துவம்தான். காற்றை விரைவாக அமுக்கினால் அதன் வெப்பநிலை உயரும்.

டீசல் எஞ்சினில் பிஸ்டன் ஏறக்குறைய 17 பங்கு இடத்தில் இருந்த காற்றை 1 பங்கு இடத்துக்குள் அமுக்குகிறது. காற்றின் வெப்பநிலை 500 பாகை செல்சியஸைத் தாண்டிவிடும். டீசல் தானாகப் பற்றிக்கொள்ள 250 பாகைக்குள் இருந்தாலே போதும். எனவே இன்ஜெக்டர் டீசலைத் தெளித்ததும் அது எரிகிறது. ருடோல்ஃப் டீசல் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய எஞ்சின் இந்த முறையில்தான் வேலை செய்தது.

ஆக, டீசல் எஞ்சினுக்குத் தேவையானவை மூன்று: போதிய காற்று, போதிய அமுக்கம், போதிய டீசல். கோளாறு இந்த மூன்றில் ஒன்றில்தான் பெரும்பாலும் இருக்கும்.

புகை சொல்லும் சேதி

கறுப்புப் புகை என்றால் காற்றுக்கு மிஞ்சிய டீசல். எரியாத கரி வெளியேறுகிறது. காற்று ஃபில்டர் அடைத்திருந்தாலே இப்படி ஆகலாம். நீலப் புகை என்றால் எஞ்சின் எண்ணெய், அதாவது நாம் ‘மினியாக் ஹித்தாம்’ என்கிறோமே, அது எரிகிறது. வெள்ளைப் புகைக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். சிலிண்டருக்குள் கூலன்ட் நீர் கசிந்து ஆவியாகிறது. அல்லது டீசல் எரியாமல் ஆவியாகவே வெளியேறுகிறது.

பட்டறையில் சொன்னது முழுக்கத் தவறு என்று எண்ண வேண்டாம். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து அமுக்கம் குறைந்தாலும் காற்று போதிய அளவு சூடாகாது, டீசல் எரியாது, வெள்ளைப் புகை வரும். அது ஒரு நல்ல கருதுகோள்தான். அதைச் சோதிக்காமலே முடிவாக எடுத்துக்கொண்டதுதான் பிழை.

காசில்லாத சோதனைகள்

எங்கள் விதி எளிமையானது: செலவில்லாத சோதனை முதலில், செலவு பிடிக்கும் சோதனை கடைசியில்.

எஞ்சின் ஆறியிருந்தபோது எண்ணெய் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தோம். எண்ணெயில் நீர் கலந்திருந்தால் பால் தேநீர் போலக் கலங்கியிருக்கும். இங்கே அப்படியில்லை. கூலன்ட் தொட்டியில் நீர்மட்டத்தைப் பேனாவால் குறித்து மூன்று நாள் கழித்துப் பார்த்தோம். குறையவில்லை. புகையில் கூலன்டின் இனிப்பு வாடையும் இல்லை, டீசல் நெடிதான் அடித்தது. கூலன்ட் கசிகிறது என்ற கருதுகோள் இதோடு வலுவிழந்தது.

அடுத்து மல்டிமீட்டர். மின்கலம் ஓய்வில் 12.5 வோல்ட் காட்டியது. எஞ்சினைக் கிளப்பும் நேரத்தில் 10.4 வோல்ட். அது 9.6-க்குக் கீழே இறங்கியிருந்தால் மின்கலத்தைச் சந்தேகித்திருப்போம்.

பிறகு க்ளோ பிளக். குளிர்ந்த எஞ்சினில் காற்றின் வெப்பத்தைச் சிலிண்டரின் உலோகச் சுவர் உறிஞ்சிவிடும். அதை ஈடுகட்ட ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு சிறு மின்சூடேற்றி இருக்கும். அதுதான் க்ளோ பிளக். இணைப்பைக் கழற்றி மின்தடையை அளந்தோம். மூன்று பிளக்குகள் ஏறத்தாழ 1 ஓம். ஓம் விதிப்படி 12 வோல்ட்டை 1 ஓமால் வகுத்தால் 12 ஆம்பியர். திறன் 144 வாட். நான்காவது பிளக்கில் மல்டிமீட்டர் எந்த அளவும் காட்டவில்லை. உள்ளே கம்பி அறுந்துபோயிருந்தது. அந்தச் சிலிண்டர் மட்டும் காலையில் சூடாகாமல் டீசலை எரிக்காமலே வெளியே தள்ளியிருக்கிறது.

நான் செய்த தவறு

“கண்டுபிடிச்சாச்சு!” என்று சொல்லிவிட்டேன். புதிய பிளக் மாட்டினோம். மறுநாள் காலை எஞ்சின் உடனே கிளம்பியது, புகையும் இல்லை. அண்ணனுக்கு ஒரே மகிழ்ச்சி. நேராகப் பாலிக் புலாவுக்குப் புறப்பட்டார். பாதி மலையில் வண்டி நின்றது.

மாணவி என்னிடம் கேட்டார்: “டீச்சர், க்ளோ பிளக் எஞ்சின் கிளம்பும்போதுதானே வேலை செய்யும்? மலையில நின்னதுக்கு அது எப்படிக் காரணமாகும்?”

சரியான கேள்வி. என் விடை முதல் அறிகுறிக்கு மட்டுமே பொருந்தியது. இரண்டாவது அறிகுறியை நான் மறந்தே போனேன். ஒரே வண்டியில் இரண்டு கோளாறுகள் இருக்கக் கூடாதா என்ன?

மலை கொடுத்த துப்பு

நின்றபடி ஓடும் எஞ்சினுக்கு மணிக்கு ஏறக்குறைய 1 லிட்டர் டீசல் போதும். சுமையோடு மலை ஏறும்போது அதைப் போலப் பத்து மடங்குகூடத் தேவைப்படும். டீசல் வரும் வழி பாதி அடைத்திருந்தால் நகருக்குள் தெரியாது, மலையில்தான் தெரியும். பினாங்கு செண்டோலை உறிஞ்சுகுழாயால் குடிக்கும்போது பச்சை மாவுத்துண்டு அடைத்துக்கொள்ளும் அல்லவா? உறிஞ்சுவதை நிறுத்தினால் அது கீழே விழும், மறுபடி குடிக்கலாம். பத்து நிமிட ஓய்வுக்குப் பின் வண்டி ஓடியதன் மர்மம் இதுதான் என்று ஊகித்தோம்.

டீசல் ஃபில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, வழிந்ததைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்தோம். சில நிமிடத்தில் இரண்டு அடுக்குகள் பிரிந்தன. மேலே டீசல், கீழே நீர். நீரின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 1,000 கிலோகிராம். டீசலின் அடர்த்தி ஏறத்தாழ 850 தான். இரண்டும் சந்திக்கும் கோட்டில் பழுப்பு நிறத்தில் வழுவழுப்பான சளி போன்ற ஒன்று மிதந்தது.

அது உயிருள்ளது! பூஞ்சையும் பாக்டீரியாவும் சேர்ந்த கூட்டம். நீரில் வாழ்ந்து டீசலை உண்ணும். ‘ஹார்மோகோனிஸ் ரெசினே’ என்ற பூஞ்சை இந்த வகையில் பெயர்போனது. விமான எரிபொருள் தொட்டிகளில்கூடத் தொல்லை கொடுத்திருக்கிறது.

நீர் எங்கிருந்து வந்தது? எட்டு மாதம் தொட்டி பாதி காலியாகவே இருந்திருக்கிறது. பினாங்கின் ஈரக்காற்று உள்ளே போகும். இரவில் தொட்டி குளிர்ந்தால் நீராவி துளிகளாகச் சுவரில் படியும். மேலும், நம் நாட்டு டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசல் கலந்திருக்கிறது. எண்ணெய் நிலையங்களில் பி7, பி10 என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 7 அல்லது 10 விழுக்காடு பயோடீசல் என்று பொருள். அது புதுப்பிக்கக்கூடிய எரிபொருள், நல்லதுதான். ஆனால் வெறும் டீசலைவிட அதிக நீரை ஈர்த்துக்கொள்ளும். அடிக்கடி ஓடும் வண்டியில் எரிபொருள் தீர்ந்து தீர்ந்து நிரம்புவதால் சிக்கல் இல்லை. கிடப்பில் போட்ட வண்டியில்தான் பூஞ்சைக்கு விருந்து.

கடைசிச் சோதனை

தொட்டியைச் சுத்தம் செய்யப் பட்டறை ஒன்றுக்குக் கொண்டுபோனோம். அங்கே அமுக்கத்தையும் அளக்கச் சொன்னோம். க்ளோ பிளக்கைக் கழற்றிய துளையில் அழுத்தமானியைப் பொருத்தி எஞ்சினைச் சுழற்றினார்கள். நான்கு சிலிண்டர்களும் 400 பிஎஸ்ஐ-யை ஒட்டியே காட்டின. பிஸ்டன் வளையங்கள் நன்றாக இருந்தன. எஞ்சின் போகவே இல்லை.

தொட்டி கழுவி, ஃபில்டர் மாற்றி, கைப்பம்பால் குழாயிலிருந்த காற்றை வெளியேற்றினார்கள். ஏன் தெரியுமா? காற்று அமுங்கும், டீசல் அமுங்காது. குழாயில் காற்றுக் குமிழி இருந்தால் பம்பின் அழுத்தம் அதை அமுக்குவதிலேயே வீணாகும்; இன்ஜெக்டர் திறக்காது.

மொத்தச் செலவு 430 வெள்ளி. மறுவாரம் அண்ணன் துன் சார்டோன் சாலையில் நிற்காமல் ஏறி, ஜாதிக்காய் மூட்டைகளோடு லெபோ பசாருக்குத் திரும்பினார். வண்டி புதிதாகிவிடவில்லை. ரப்பர் குழாய்கள் வெடித்திருக்கின்றன, கதவடியில் துரு இருக்கிறது. ஆனால் பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டிய வண்டி பிழைப்புக்கு உதவுகிறது.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், கொதிநீர் பீறிடும். மூடிய இடத்தில் எஞ்சினை ஓட்டாதீர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும். புதிய வகை டீசல் எஞ்சின்களின் எரிபொருள் குழாயைத் தொடவே வேண்டாம். அதிலுள்ள அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைப் போல் ஆயிரம் மடங்குக்கு மேல் போகும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்துவிடும். எந்தச் சோதனையையும் பெரியவர் துணையோடு செய்யுங்கள். கழிவு டீசலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், அது கடலுக்குத்தான் போகும். நாங்கள் பட்டறையின் கழிவெண்ணெய்ப் பீப்பாயில் சேர்த்தோம்.

வீட்டில் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஒரு புட்டியில் பாதி நீர், பாதி சமையல் எண்ணெய் ஊற்றிக் குலுக்குங்கள். அடுக்குகள் பிரிய எத்தனை நிமிடமாகிறது? நீரைச் சூடாக்கிச் செய்தால் நேரம் மாறுகிறதா? எந்த மாறியை மாற்றினீர்கள், எதை மாறாமல் வைத்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கேள்வி. ஒரு பழைய லோரி மேட்டில் ஏறும்போது கறுப்புப் புகை கக்குகிறது. காசில்லாமல் முதலில் எதைச் சோதிப்பீர்கள்? விடை இந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது. தேடிப் பிடித்து, காரணத்தோடு உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் சொல்லுங்கள்.