வயல் மனையாகும்போது மழை ஜலத்தின் வழி

வரப்புள்ள நன்செய் வயல் ஒவ்வொன்றும் ஒரு சிற்றேரிக்குச் சமானமாகும். நாற்புறமும் அரை அடி உயரத்திற்கு வரப்பிருந்தால், வயலில் பெய்யும் மழை பெரும்பாலும் அங்கேயே தங்கிச் சிறிது சிறிதாய்ப் பூமியில் இறங்கும்; மிகுந்தது மட்டுமே வடிகாலை அடையும். அவ்வயல் வீட்டு மனைகளாகப் பிரிக்கப்படும்பொழுது வரப்புகள் அழிக்கப்படுகின்றன. மண் கொட்டி நிலம் மேடாக்கப்படுகிறது. கூரைகளும் சிமெண்ட் சாலைகளும் பூமியை மூடுகின்றன. மழையோ முன்போலவே பெய்கிறது. வயல் தாங்கிவந்த ஜலத்தை இனித் தாங்குவது யார் என்ற கேள்வி மனை வாங்குபவருக்கு முதல் மழையில் தோன்றுகிறது; கீழ்மடைக் குடியானவருக்கோ தம் பயிர் முழுகிய பின்னரே தோன்றுகிறது.

ஜலத்தின் கணக்கு

ஓர் ஏக்கரில் 1 செ.மீ. மழை பெய்தால் அது சுமார் 40,000 லிட்டராகும். 5 ஏக்கர் வயலில் 10 செ.மீ. மழை பெய்தால் 20 லக்ஷம் லிட்டர் சேரும். வயல் முன்னமே நிரம்பியிராவிடில் அரை அடி வரப்பு இதனை முழுவதும் தாங்கிக்கொள்ளும்.

அதே 5 ஏக்கரில் 100-க்கு 60 பங்கு கூரை, சாலை, தளம் இவற்றால் மூடப்பட்டதென்று வைத்துக்கொள்வோம். மூடிய பாகத்தில் விழும் 12 லக்ஷம் லிட்டரில் சுமார் 11 லக்ஷம் உடனே ஓடிவிடும். திறந்த பாகத்தின் 8 லக்ஷத்தில் கால் பங்கு ஓடினாலும் மொத்தம் 13 லக்ஷம் லிட்டராகிறது. இம்மழை 3 மணி நேரத்தில் பெய்யுமாயின், வினாடிக்குச் சுமார் 120 லிட்டர் வீதம் கீழ்நிலத்தை நோக்கிப் பாயும். வயல்களின் மிகுதியை மட்டும் வடிப்பதற்காக வெட்டப்பட்ட சிறு வாய்க்கால் இதைக் கொள்ளாது. ஜலம் கரை புரண்டு அடுத்த வயலில் நிற்கும். நட்டுச் சில நாளே ஆன ஸம்பா நாற்று பல நாள் முழுகினால் அழுகிப்போகும்.

சென்னைக்குத் தெற்கே இதன் பலன் யாவரும் அறியக் காணப்பட்டது. 2015-ம் வருஷம் டிசம்பர் 2-ந் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பதிவாயிற்று. அடையாற்றை அடுத்த முடிச்சூர், வரதராஜபுரம் முதலிய இடங்களில் குடியிருப்புகள் வெள்ளத்தில் ஆழ்ந்தன. அத்தகைய பெருமழையை எந்த மனைப்பிரிவின் குளமும் அடக்காது என்பது உண்மையே. ஆயினும் ஜலம் செல்லும் பள்ளத்தை அடைத்துக் கட்டியவிடத்தில் சேதம் அதிகரிக்கும் என்பதும், சாதாரண மழையிலேயே அங்குத் தெரு குளமாகும் என்பதும் மறுக்க முடியாதவை.

தாங்கி விடும் முறை

மழை ஜலத்தை விரைவாக வெளியேற்றுவதே நல்ல வடிகால் என்று பலர் எண்ணுகின்றனர். அது தன் வாசலைக் காத்து அயலான் வாசலில் வெள்ளத்தை விடுவதேயாகும். விழுந்த இடத்திலேயே தாங்குதல், இறங்கக்கூடியதைப் பூமியில் இறக்குதல், மிகுந்ததை மெதுவாக விடுதல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே நிலைத்த வடிகால். ஏரியின் கரை, மதகு, கலிங்கு இவற்றை அறிந்தவருக்கு இது புதிதன்று.

முதலாவது, கூரை ஜலம். தமிழ்நாட்டில் 2003-ம் வருஷத்து அவசரச் சட்டத்தினால் கட்டடங்கள் அனைத்திலும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டது. மணற்பாங்கான பூமியிலும் செம்மண்ணிலும் உறிஞ்சு குழி நன்கு பயன்படும். களிமண் நன்செய்யிலோ பல வருஷம் சேறு கலக்கியதால் மேல்மண்ணுக்கடியில் இறுகிய அடுக்கு அமைந்திருக்கும். அங்குக் குழியை மட்டும் நம்பலாகாது. 2 அடி ஆழத்தில் ஒரு குழி தோண்டி, ஜலம் விட்டு, அது வற்றியபின் மறுபடி நிரப்பிப் பார்க்கவேண்டும். மணிக்கு அரை அங்குலங்கூட இறங்காவிடில் அவ்விடம் உறிஞ்சு குழிக்கு ஏற்றதன்று. ஐப்பசி, கார்த்திகையில் ஊற்று மேலேறும் மட்டத்திற்குச் சுமார் 3 அடி உயரத்திலேயே குழியின் அடி நிற்கவேண்டும்.

இரண்டாவது, சாலை ஜலம். சிமெண்ட் சாக்கடைக்குப் பதிலாகச் சாலையோரம் அகன்ற புல் வாய்க்கால் அமைக்கலாம். பக்கச் சரிவு 1 அடி ஆழத்திற்கு 3 அடி அகலமாகவும், நீளவாட்டம் 100 அடிக்கு 1 அடிக்கு மேற்படாமலும் இருத்தல் நலம். குறுக்கே இடையிடையே தாழ்வான கல் தடுப்புகள் வைத்தால் வேகம் தணிந்து வண்டல் படியும். இவ்வாய்க்காலில் வீட்டுக் கழிவுநீரை ஒருபோதும் விடலாகாது.

மூன்றாவது, தாழ்ந்த பொதுவிடம். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் நீங்கலாக உள்ள பரப்பில் 100-க்கு 10 பங்கு பொதுவிடமாக ஒதுக்கப்படவேண்டும் என்பது 2019-ம் வருஷத்துக் கட்டட விதிகளில் கண்டது. மேற்சொன்ன 5 ஏக்கரில் இது சுமார் 40 சென்ட் ஆகும். இதனை நிலத்தின் மிகத் தாழ்ந்த மூலையில் ஒதுக்கி, சுற்றிலும் சரிவு விட்டு 2 அடி பள்ளமாக அமைத்தால் சுமார் 9 லக்ஷம் லிட்டர் தங்கும். மிச்சமுள்ள 4 லக்ஷத்தைக் கூரைத் தொட்டிகளும் புல் வாய்க்கால்களும் ஏற்கவேண்டும். பள்ளத்தின் அடிமட்டத்தில் 4 அங்குலக் குழாய் ஒன்றை மதகாக வைத்தால், நிறைந்த ஜலம் சுமார் ஒன்றேகால் நாளில் வடிந்துவிடும். வினாடிக்கு 17 லிட்டருக்கு மேல் வெளியேறாது. கொசுப்புழு முதிரச் சுமார் ஒரு வாரம் வேண்டுமாதலால் கொசுவுக்கும் இடமில்லை. மழையில்லாத மாதங்களில் அங்கே பிள்ளைகள் விளையாடலாம். பெருமழையில் மிகுவது கரையை உடைக்காதிருக்க, கலிங்கு போன்று கல் பாவிய தாழ்வாயும், அங்கிருந்து வாய்க்கால்வரை தடையற்ற வழியும் அவசியம்.

பட்டாதார்களும் கிராமாதிகாரிகளும் கவனிக்கவேண்டியவை

மேட்டு நிலத்தில் விழுந்த மழை, வாய்க்காலில் அடங்காமல் இயல்பாக ஓடி வருமாயின், தாழ்நிலத்துக்குரியவர் அதற்கு இடந்தரவேண்டும் என்பது 1882-ம் வருஷத்து இந்திய ஈஸ்மெண்ட் சட்டத்தின் 7-வது பிரிவில் உதாரணமாகக் கூறப்பட்டிருக்கிறது. இதில் "இயல்பாக" என்ற சொல்லே முக்கியமானது. பல மனைகளின் ஜலத்தைக் குழாயில் திரட்டி ஒரே முனையில் அயலான் வயலில் விடுவதை இயல்பான ஓட்டமென்று கூறுவதற்கில்லை.

ஆகையால் நிலத்தின் உபயோக மாறுதலுக்காக ஸ்தல பரிசோதனை நடக்கும் சமயமே தக்க சமயம். கிராம நிர்வாக அதிகாரி புல வரைபடத்தைக் கையில் கொண்டு, வாய்க்கால் புறம்போக்கும் ஓடையும் தரையில் எங்கே உள்ளன, மனை வரைபடத்தில் எங்கே காட்டப்பட்டுள்ளன என்று ஒத்துப்பார்க்கவேண்டும். வாய்க்காலின் மேல் பாலம் போடுபவர் வாய்க்காலின் முழு அகலத்திற்கும் போடவேண்டும். 6 அடி வாய்க்காலை 1 அடிக் குழாயில் நுழைப்பது அதை மூடுவதற்குச் சமம். மண் நிரப்புமுன் நிரப்பும் மட்டத்தையும், ஜலம் வெளியேறும் இடத்தையும் எழுத்துமூலம் பெறுதல் நன்று.

நிலத்தை விற்கும் பட்டாதாருக்கும் கடமை உண்டு. நாலு ஏக்கரில் ஓர் ஏக்கரை விற்பவர், மிஞ்சிய மூன்று ஏக்கரின் பாய்ச்சலும் வடிகாலும் விற்ற நிலத்தின் வழியே செல்லுமாயின், அதன் அகலத்தையும் எல்லையையும் கிரய சாஸனத்திலேயே குறிப்பிடவேண்டும். வாய்மொழியான மாமூல் வழி, நிலம் இரண்டு கை மாறிய பின் நிலைப்பதில்லை.

அமைத்தது நிலைக்கவேண்டுமானால் பராமரிப்பு வேண்டும். வருஷந்தோறும் புரட்டாசி முடிவதற்குள் மதகுக் குழாயையும் வண்டற் குழிகளையும் சுத்தம் செய்வது யார் பொறுப்பு, செலவு யாருடையது என்பதை மனைகள் விற்குமுன்னரே தீர்மானித்தல் அவசியம். முன்னோர் ஏரியை வெட்டியதோடு நில்லாமல் குடிமராமத்தையும் ஏற்படுத்தியது இக்காரணத்தினாலேயே.

ஊர் பெருகும், வீடுகளும் வேண்டும், அதைத் தடுப்பது நோக்கமன்று. வயலை எடுத்துக்கொள்பவர் அவ்வயல் தாங்கிய ஜலத்தையும் சேர்த்து ஏற்றுக்கொள்ளவேண்டும் என்பதே நியாயம். அவ்வாறு செய்யின் மேலே வீடும் கீழே பயிரும் ஒரே மழையில் பிழைக்கும்.