ஓசையில் பிறந்த ஆங்கிலச் சொற்கள்

ஒரு மொழியின் சொற்களுள் பெரும்பாலானவை இடுகுறியாய் அமைந்தவை. மரம் என்னும் ஒலிக்கும் மரத்துக்கும் இயல்பான தொடர்பு ஏதுமில்லை. எனினும், பொருளின் ஓசையையே பெயராக ஏற்ற சொற்களும் உண்டு. இவற்றை ஆங்கிலத்தில் 'ஆனமட்டோப்பியா' என்பர். பெயர் படைத்தல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல் அது. தமிழில் நாம் ஒலிக்குறிப்புச் சொற்கள் என்கிறோம்.

தமிழ்வழியில் பயின்று கல்லூரிக்கு வரும் மாணவர் பலர், ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ்ச் சொல்லை நெட்டுருச் செய்கின்றனர். விஸ்பர், மர்மர், ரஸில் ஆகிய மூன்றுக்கும் 'மெல்லிய ஒலி' என்றே குறித்துக்கொள்கின்றனர். தாய் தன் குழந்தையின் காதில் 'ரஸில்' செய்தாள் என ஒரு மாணவர் எழுதினார். வகுப்பே நகைத்தது, அவர் அதன்பின் ஆங்கிலத்தில் வாய் திறக்கவே அஞ்சினார். பிழை அவருடையதன்று, நாம் அவருக்குக் கற்பித்த பொருளினுடையது.

விஸ்பர் என்பது காதோடு பேசும் கிசுகிசுப்பு. மர்மர் என்பது சொல் விளங்காத முணுமுணுப்பு. ஓடையின் தொடர்ந்த மெல்லொலிக்கும், வெளிப்படச் சொல்லாத மனக்குறைக்கும் அது வரும். ரஸில் என்பது சருகும் தாளும் பட்டாடையும் எழுப்பும் சரசரப்பு. நம் இரட்டைக்கிளவிகளை அருகில் வைத்து நோக்கின் மூன்றும் தாமே பிரிந்து நிற்கின்றன அல்லவா?

கண்ணாடிக் குவளைகள் மெல்ல மோதுவது 'கிளிங்க்'. கனத்த இரும்புச் சங்கிலி மோதுவது 'கிளேங்க்'. உயிரொலி ஒன்று மாற, ஓசையின் கனமும் மாறிவிடுகிறது.

சில சொற்கள் ஓசையைக் கடந்து பயன்படுகின்றன. நறநறவெனக் கடிக்கும் ஒலியான 'கிரன்ச்' பண நெருக்கடியையும் உணர்த்தும். விரைந்து பாயும் பொருளின் ஒலியைக் குறித்த 'ஜிப்' என்னும் சொல்லிலிருந்தே, 1923இல் பி.எஃப். குட்ரிச் நிறுவனம் தன் ரப்பர்க் காலணிகளுக்கு 'ஜிப்பர்' என்னும் பெயரை அமைத்தது. இன்று நம் பைகளிலும் அச்சொல் வழங்குகிறது.

ஓசையேயில்லாத காட்சியையும் ஒலியால் தீட்டும் சொற்கள் உள. கிளிட்டர் என்பது பளபளப்பு. கிளிம்மர் என்பது மங்கலாய் மினுக்குதல். குளோ என்பது தணலின் நிலைத்த ஒளி. தொடக்க ஒலி ஒத்திருக்க, பொருளும் ஒளியையே சுற்றி நிற்கிறது. ஸ்னீஸ், ஸ்னோர், ஸ்னிஃப் ஆகியன தும்மல், குறட்டை, மோப்பம் என மூக்கைச் சார்ந்தன. இத்தகைய ஒலிக்கூறுக்கு மொழியியலறிஞர் ஜே.ஆர். ஃபெர்த் 1930இல் 'ஃபோனஸ்தீம்' எனப் பெயரிட்டார்.

ஆயினும் இதனை மாறா விதியெனக் கொள்ளலாகாது. கையுறையைக் குறிக்கும் 'கிளவ்' அதே ஒலியில் தொடங்கினும் ஒளியோடு தொடர்பற்றது. சேவலின் குரலும் தமிழர்க்குக் கொக்கரக்கோ; ஆங்கிலேயர்க்குக் 'காக்-எ-டூடுல்-டூ'. இயற்கை ஓசையையும் ஒவ்வொரு மொழியும் தன் ஒலிமரபுக்கேற்பவே வடித்துக்கொள்கிறது.

எனவே, இத்தகைய சொல்லைக் கற்கும்போது அதன் பொருளோடு, எது எழுப்பும் ஓசை, எதன்மேல் விழும் ஒளி என்பதையும் குறித்து, இணையான இரட்டைக்கிளவியையும் எழுதுவோம். தாய்மொழியறிவு பிறமொழிக் கல்விக்குத் தடையன்று, அதுவே வாயில். அன்று வாய்மூடிய அம்மாணவர்க்கு நாம் முதலில் சொல்லியிருக்க வேண்டியது இதுவே.