மகவேற்பும் அதன் பின்னரும்

மணிமேகலையைப் பாடமாகக் கற்ற எம் பழைய மாணவர் எவரும் ஆபுத்திரனை மறந்திரார். ஈன்ற தாய் சாலி அவனைத் தோட்டமொன்றில் விட்டகன்றாள். பசுவொன்று ஏழு நாள் பாலூட்டிக் காத்தது. பின்னர் இளம்பூதி என்னும் அந்தணன் அவனைத் தன் மகனென எடுத்துச் சென்று கல்வி புகட்டி வளர்த்தான். வகுப்பில் இப்பகுதியைச் சொல்லும்போது நாம் பெரும்பாலும் இவ்விடத்தை விரைந்து கடந்து, அமுதசுரபி இருக்குமிடத்துக்குச் சென்றுவிடுவோம். ஆயின் இடையில் நிகழ்ந்ததொன்று சிந்திக்கற்பாலது. வேள்விக்கென நிறுத்திய பசுவை அவன் விடுவித்தபோது, ஊரார் அவனது பிறப்பைச் சொல்லி இகழ்ந்தனர். வளர்த்த தந்தையும் அவனை வீட்டினின்றும் நீக்கினான். அன்று இளம்பூதியின் வாயிலில் நின்று அப்பிள்ளைக்காக வினாவ ஒருவரும் இருந்திலர்.

ஒரு பிள்ளையைப் பிறர் கையில் ஒப்படைத்த பின்னர், அது அங்கே எவ்வாறு வாழ்கின்றது என்று சென்று பார்க்கும் கடமை யாருடையது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

எம் முன்னோர் மகவேற்பை அறியாதவரல்லர். ஒல்லாந்தர் ஆட்சியில் 1707ஆம் ஆண்டளவில் கிளாஸ் ஐசாக்ஸ் என்பார் தொகுத்த தேசவழமையில் அதற்கெனத் தனிப்பகுதி உண்டு. உரித்துடைய சுற்றத்தார் மஞ்சள் நீரில் விரல் தோய்க்க, மகவேற்பவர் அந்நீரைப் பருகுவர். இணங்கி விரல் தோய்த்தவர் சொத்தில் தமக்குள்ள எதிர்கால உரித்தை விட்டுக்கொடுத்தவராவர். இணங்காதவருக்கு அவர் உரித்து அழியாது நிற்கும். யார் விரல் தோய்த்தார், யார் தோய்க்கவில்லை என்று இத்துணை நுணுக்கமாகக் கணக்கு வைத்த வழமை, பிள்ளை உண்டதா, உறங்கியதா என்று கேட்கவில்லை. இதனைக் குறையெனக் கூறுகின்றோமல்லோம். அக்காலத்தில் சுற்றமே காவல், ஊரே சாட்சி. அக்காவலும் சாட்சியும் ஆபுத்திரனுக்கு உதவினவா என்பது வேறு கேள்வி.

இக்காலச் சட்டம் 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க மகவேற்புக் கட்டளைச் சட்டத்தோடு தொடங்குகின்றது. நீதிமன்றத்துக்கு விண்ணப்பம் செய்தல் வேண்டும். பெற்றாரின் சம்மதம் வேண்டும். பத்து வயதைக் கடந்த பிள்ளையாயின் அதன் சம்மதமும் வேண்டும். மகவேற்பு அப்பிள்ளையின் நலனுக்கு உகந்ததென்று நீதிபதி நிச்சயித்தல் வேண்டும். மஞ்சள் நீரிலிருந்து இது நெடுந்தூரம். அச்சட்டத்துக்கு இன்னொரு பகுதியும் உண்டென்பதைப் பலர் அறியார். தாம் பெறாத பிள்ளைகளைத் தம் வீட்டில் வைத்திருப்போரைக் காவலராகப் பதிவு செய்யவும் அது வழி வகுத்தது. இதன் தேவையை விரித்துரைக்க வேண்டியதில்லை. “எங்கள் வீட்டுப் பிள்ளைபோல் வைத்திருக்கின்றோம்” என்று வந்தவருக்குச் சொல்லிக்கொண்டே, அப்பிள்ளையை விடியுமுன் எழுப்பி அடுப்படிக்கு அனுப்பிய வீடுகளை எம் பெற்றாரின் தலைமுறையினர் நன்கறிவர்.

அதற்கு ஈராண்டுகள் முன்னதான 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டம் மேலும் ஒருபடி சென்றது. பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளையை உறவினரிடமோ வேறு ‘தகுதியுள்ள ஆளிடமோ’ ஒப்படைக்கலாம் என்றும், குறித்த காலத்துக்கு நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையில் வைக்கலாம் என்றும் அது கூறியது. ‘தகுதியுள்ள ஆள்’ என்னும் தொடர் 1933ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்தின் வழி வந்தது. அத்தொடர் இங்கிலாந்திலேயே ஒரு பிள்ளைக்கு எவ்வாறு பயனற்றுப் போயிற்று என்பதை அறிந்தாலன்றி மேற்பார்வையின் அருமை விளங்காது.

நியூபோர்ட் நகரசபையைத் தகுதியுள்ள ஆளாகக் கொண்டு, 1940இல் சில சகோதரர்களை நீதிமன்றம் அதனிடம் ஒப்படைத்தது. 1944இல் அவர்களுள் இருவரை நகரசபை ஷ்ரொப்ஷயரிலுள்ள பண்ணைவீடொன்றில் வளர்க்கக் கொடுத்தது. பிள்ளைகள் ஓர் ஆட்சிப்பகுதிக்குரியோர். அவர்கள் வாழ்ந்ததோ மற்றோர் ஆட்சிப்பகுதியில். சென்று பார்ப்பது யார் என்பது ஈரிடத்தாருக்கும் இடையில் கடிதங்களாகவே கிடந்தது. டிசம்பரிற் சென்ற நகரசபைப் பெண் எழுதுநரொருவர் மூத்தவனின் நிலையைக் கண்டு, உடனே அவனை அகற்றவேண்டுமென்று அறிவித்தார். நத்தார் விடுமுறை வந்தது, அலுவலகம் தாமதித்தது. 1945 ஜனவரி 9ஆம் நாள், பன்னிரண்டு வயதினனான அச்சிறுவன் அடியாலும் பட்டினியாலும் இறந்தான். பண்ணையாருக்கு ஆறாண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

அவ்வாண்டே சேர் வால்ட்டர் மொங்டன் இதனை விசாரணை செய்தார். 1946இல் மைரா கேட்டிஸ் அம்மையாரின் குழு பெற்றார் பராமரிப்பின்றி வாழும் பிள்ளைகள் யாவர் நிலையையும் ஆராய்ந்து அறிக்கை தந்தது. 1948ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம் ஒவ்வோர் உள்ளூராட்சியிலும் இதற்கெனத் தனி அலுவலர் ஒருவரை நியமிக்கச் செய்தது. இவ்வரலாற்றில் எம்மை உறுத்துவது பண்ணையாரின் கொடுமையினும், நல்லெண்ணமுடைய அலுவலகம் ஒன்று கடிதத்தை நாளைக்கென வைத்துவிட்டதேயாம்.

ஓர் ஆட்சிப்பகுதியின் எல்லையே இத்தகைய இடுக்கணுக்கு ஏதுவாயின், கடல் கடந்த பிள்ளையின் கதி யாது? 1970களிலும் 1980களிலும் இந்நாட்டுக் குழந்தைகள் பல்லாயிரவர் ஐரோப்பாவுக்கு மகவேற்புக்கென அனுப்பப்பட்டனர். அவர்களுட் சிலரின் பத்திரங்களிற் பொய்த் தாயாரின் பெயர்கள் இருந்ததைப் பின்னர் வளர்ந்தோராய்த் தம் தாயைத் தேடி வந்தபோதே கண்டனர். 1992இல் எமது சட்டம் பிறநாட்டார் பொருட்டு இறுக்கப்பட்டது. 1995இல் இலங்கை நாடுகளுக்கிடையிலான மகவேற்பு பற்றிய ஹேக் உடன்படிக்கையை ஏற்றது. நெதர்லாந்து அரசு நியமித்த குழுவொன்று இலங்கை உட்பட ஐந்து நாடுகளிலிருந்து நிகழ்ந்த மகவேற்புகளை ஆராய்ந்து, பாரதூரமான முறைகேடுகளை 2021இல் வெளியிட்டது. ஒரு பிள்ளைக்குச் சென்று பார்ப்பார் இல்லாத குறை நாற்பதாண்டு கடந்து ஆணைக்குழுவின் அறிக்கையாக வருவது எத்துணைப் பெருஞ்செலவு!

ஆழிப்பேரலையின் பின்னர் நாடு சற்று விழித்துக்கொண்டது எனலாம். 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம், பெற்றாரை இழந்த பிள்ளைகளை வளர்ப்போர் பற்றியும், அப்பிள்ளைகளின் நலனைத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை கண்காணிப்பது பற்றியும் ஒருங்கே பேசியது. கொடுப்பதும் பார்ப்பதும் ஒரே சட்டத்துள் இடம்பெற்றன.

சட்டம் நிற்க. எம் வகுப்பில் நிகழ்ந்ததொன்றைச் சொல்லாது விடல் நேர்மையன்று. தந்தையை இழந்து, தாய் வெளிநாட்டில் வேலை செய்ய, மாமனார் வீட்டில் வளர்ந்த மாணவன் ஒருவன் எம்மிடம் பயின்றான். தேர்ச்சி அறிக்கையில் ‘பாதுகாவலர்’ என்றிருக்கும் இடத்தில் மாமனாரின் ஒப்பம் தவணைதோறும் தவறாது வந்தது. அத்தகைய ஒழுங்கான கையெழுத்தை நாம் கண்டதில்லை. அதனாலேயே மேற்கொண்டு ஒன்றும் கேட்டோமில்லை. மூன்றாந் தவணையில் அவன் வகுப்பில் உறங்கலானான். கண்டித்தோம். ஒருநாள் மழைக்கு ஒதுங்கி நின்றவனிடம் தற்செயலாக வினவியபோது, பின்னேரந் தொடங்கி இரவு பத்து மணி வரை கடையில் நிற்பதாகச் சொன்னான். முன்னரே ஏன் சொல்லவில்லை என்றோம். “ஒருத்தரும் கேட்கேல்லை, சேர்” என்றான்.

அதிபரின் இசைவுடன் நன்னடத்தை அலுவலருக்கு எழுதினோம். வந்தவர் ஓர் இளம்பெண். மாமனாரைக் காணுமுன் அவனைக் காணவேண்டும் என்றார். வேம்பின் கீழே வாங்கிலில் இருவரையும் இருக்கவிட்டு நாம் விலகினோம். அரைமணி நேரம் கிரிக்கெட்டைப் பற்றியே பேசினாராம். அதன் பின்னரே கடைக்குச் சென்றார். மாமனார் கொடியவரல்லர், கடன்பட்டவர், மருமகன் தொழில் பழகட்டும் என்று எண்ணியவர். பிள்ளையை அவ்வீட்டினின்றும் அகற்றவேண்டிய தேவை எழவில்லை. கிழமை நாட்களிற் கடையில் நிற்றல் ஒழிந்தது. நாம் மதித்தது வேறொன்று: எல்லாம் சீராயிற்று என்று கூறி அவர் கோவையை மூடிவிடவில்லை. அடுத்த மாதமும் வந்தார். அதற்கடுத்த தவணையிலும், முன்னறிவித்தலின்றி, அதே வாங்கிலுக்கு வந்தார்.

1929 என்னும் சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்தை அவர் எம் வகுப்புச் சுவரில் ஒட்டிச் சென்றார். அதன் பின்னர் எம் வரவு இடாப்பில் பாதுகாவலர் பெயருக்கு அருகே ஒரு சிறு நிரலைப் பென்சிலாற் கோடிட்டு வைத்துள்ளோம். அப்பிள்ளையோடு நாம் தனித்துப் பேசிய நாள் அதில் இடம்பெறும். சில கட்டங்கள் இன்னும் வெறுமையாகவே உள்ளன.